முளைப்புத்திறன்

நூறு விதை எண்ணி
ஈரத்தாளில் சுருட்டி வைத்தால்
பதினாலாம் நாள் சொல்லிவிடும்.
எண்பது முளைத்தால் தேறியது.
மூட்டை யாருடையதென்று எங்களுக்குத் தெரியாது,
குறியீட்டு எண் மட்டும்தான் வரும்.
பதினோரு வருஷமாக இந்த வேலை, தஞ்சாவூரில்.

என் ரத்தமும் அப்படித்தான் போனது,
ஓர் எண்ணோடு.

அப்பா குடித்ததில்லை.
கையும் காலும் தன்னிஷ்டத்துக்கு ஆடியபோது
நீடாமங்கலம் கடைத்தெரு
குடிகாரன் என்றது.
கடைசியில் ஒரு வாய்ச் சோற்றுக்கு
இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது.

பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி என்று
சென்னையில் டாக்டரம்மா சொன்னபோது
தம்பி திருமாறன் கேட்டான்:
"நாங்க ரெண்டு பேர். அப்ப ஒருத்தருக்குத்தானே?"
இல்லை, ஆளுக்கொரு தடவை
தனித்தனியாகக் காசு சுண்டுவதுபோல, என்றார்.

எனக்கு இல்லை.

இதற்கு நான் தயாராக இல்லை.
இருபது வயதிலிருந்து
உண்டு என்றே வாழ்ந்துவிட்டேன்.
பெண் பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பி,
ஐந்து வருஷச் சீட்டில் சேராமல்,
கொல்லையில் தென்னை எதற்கு, வாழை போதும் என்று.
டம்ளர் கைதவறும் ஒவ்வொரு முறையும்
வந்துவிட்டது என்றபடி தரையைத் துடைத்திருக்கிறேன்.
இப்போது டம்ளர் விழுந்தால்
டம்ளர் விழுந்தது, அவ்வளவுதான்.
முப்பத்தெட்டு வயதில் ஒருத்தியிடம்
இன்னும் முப்பது வருஷத்தைத் தூக்கிக் கொடுத்தால்
எங்கே வைப்பாள்?

அடுத்த அறையிலிருந்து வந்த தம்பி
என் முகத்தைப் பார்த்துவிட்டு
"எனக்கும் இல்லக்கா" என்றான்.
கொஞ்சம் சீக்கிரமாகச் சொன்னான்.
காகிதத்தை நான் கேட்கவில்லை.

மூன்று வருஷத்துக்குப் பேசிய குத்தகையை
குறுவைக்கு மட்டும் என்று மாற்றியிருக்கிறான்.
தண்ணி நிச்சயமில்லையாம்.
மேட்டூர் நிரம்பி வழிகிறது.
கையெழுத்து கோணுகிறதென்று
மகளை அடித்தானாம்,
ஒருநாளும் கை ஓங்காதவன்.

நேற்று ரயில்வே கேட்.
சரக்கு வண்டி. பைக்கில் அவன் பின்னால் நான்.
பெட்ரோல் டேங்க்மேல் அவன் இடது சுண்டுவிரல்
தட்டிக்கொண்டே இருந்தது.
கண்ணாடியில் என் கண்ணைப் பிடித்துவிட்டான்.
"பாட்டுக்கா. டீக்கடையில."
வண்டி இரைச்சலில்
எனக்கு எந்தப் பாட்டும் கேட்கவில்லை.

பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன்.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
அப்புறம் அவன் தோளில் கையை வைத்துக்கொண்டேன்,
கேட் திறந்து வண்டி கிளம்பினால்
நான் விழுந்துவிடக் கூடாதே
என்பதுபோல.