நூற்று எண்பத்திரண்டு

அதிகாலை ஐந்தே கால்.
தானியக் கிடங்கின் எடைமேடைக்குப் பின்னால்
என் சொந்தக் காரை நிறுத்தி விளக்கை அணைக்கிறேன்.
அலுவலக வண்டியின் கதவில்
மாவட்டச் சுகாதாரத் துறையின் முத்திரை
தாம்பாளம் அகலத்துக்கு இருக்கிறது.
அதை எந்த வீட்டின் முன் நிறுத்தினாலும்
நண்பகலுக்குள் அந்த வீட்டுக்கு ஒரு நோய் வந்துவிடும்.

எலியாசர் வருகிறான்.
இறைச்சி ஆலையில் இரவெல்லாம் ரத்தம் கழுவிய ரப்பர் பூட்ஸ்.
காதோரம் ஒரு துளிக் கொழுப்பு
நெப்ராஸ்கா குளிரில் மெழுகாகியிருக்கிறது.
முன்னிருக்கையில் உட்காருகிறான்.
தொற்றும் கட்டம் தாண்டி வாரங்களாயிற்று,
ஆனாலும் பழக்கதோஷம்,
ஜன்னலை இரண்டு விரல் இறக்குகிறேன்.

விழுங்கு.
நாக்கைத் தூக்கு.
கன்னத்தைக் காட்டு.
இருபத்தொன்பது வயது ஆண்
குழந்தைபோல் வாய் திறக்கிறான்.
பதிவேட்டில் ஒரு சின்னக் கோடு:
எழுபத்தொன்று.

அவன் தாய்மொழி மாம், என்னுடையது ஆங்கிலம்.
நடுவில் இருவருக்கும்
சொந்தமில்லாத ஓர் அரைகுறை ஸ்பானிஷ்.
சிறுநீர் ஆரஞ்சாய்ப் போகும், பயப்படாதே என்று
முதல் நாளே சொல்லியிருந்தேன்.
கண்ணீரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.
குவாத்தமாலாவில் தம்பி செத்த சேதி வந்த அன்று
சட்டைக் காலரில் துடைத்துக்கொண்டான்.
வெள்ளைத் துணியில் பூசணிப்பூ நிறத்தில் கறை.
இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.
"இதுவும் மருந்தா?"
"இதுவும் மருந்துதான்."

ஊர் சும்மா இருக்குமா?
முதல் மூன்று வாரம் தனிமையில் அவன் இருந்த
மோட்டலின் ஏழாம் அறைக் கதவில்
நான் சோள ரொட்டிப் பையோடு நின்றதை
வரவேற்பறைப் பெண் பார்த்திருக்கிறாள்.
இப்போது எடைமேடை, இருட்டு, அணைந்த விளக்கு.
முடிதிருத்தகத்தில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது,
கத்தரிக்கோல் மட்டும் தொடர்ந்தது.

அக்கா தொலைபேசினாள்.
"ஐம்பத்தாறு வயசு உனக்கு, மர்லிஸ்.
இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."
ஒரு வார்த்தைதான்.
அதைச் சொன்னால்
அப்போ அங்கே என்ன வேலை என்பாள்.
அவனை எனக்குத் தெரியும் என்பதையே
சட்டம் பூட்டி வைத்திருக்கிறது.
வானிலை பற்றிப் பேசினேன்.

ஹார்லன் ஓர் இரவு கேட்டார்:
"உன் நோயாளிகளில் ஒருத்தரா?"
புரண்டு படுத்தேன்.
முப்பது வருடக் கணவருக்கு முதுகே பதில்.
காலையில் என் கார் கண்ணாடியின் பனி
ஏற்கெனவே சுரண்டப்பட்டிருந்தது.

பழைய டயர் கடைதான் எங்கள் அலுவலகம். மூன்று பேர்.
படுக்கையறையில் செத்த வௌவாலை
ஆய்வகத்துக்குப் பனிக்கட்டியில் அனுப்புவதும்
தேவாலய விருந்தின் உருளைக்கிழங்கு சாலட்டில்
வெப்பமானி குத்துவதும்
டோரீனுக்குப் பல்வலி என்றால்
பிறப்பு இறப்புப் பதிவும் நான்.
மாவட்டக் குழுவில் பட்ஜெட் நாளன்று
தலைவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார்:
"தினமும் பதினொரு கிலோமீட்டர், ஞாயிறு உட்பட.
அதிகாலையில். எங்கே?"
"வேலைக்கு" என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
கூட்டக் குறிப்பில் சிரிப்பு இல்லை,
பெட்ரோல் படி ரத்து என்பது மட்டும் இருக்கிறது.

மார்ச் கடைசி. கடைசிக் கோடு.
கை குலுக்குவதா என்று தெரியாமல்
அவன் வழக்கம்போல் நாக்கைத் தூக்கிக் காட்டினான்.
சிரித்துவிட்டோம்.
உருகிய பனியில் அவன் பூட்ஸ் சொதசொதவென்று போனது.

ஜூனில் மளிகைக் கடை வரிசையில் பார்த்தேன்.
மனைவி, தள்ளுவண்டியில் தர்பூசணி,
அதன்மேல் காலை வைத்துக்கொண்டு ஒரு பையன்.
எலியாசரின் கண் என்மேல் பட்டு
மிட்டாய் அலமாரிக்கு நகர்ந்தது,
முன்பின் அறியாதவன்போல, கச்சிதமாக.
நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான்.
என் முறை வந்தது. சில்லறை எண்ணினேன்.

பின்னாலிருந்து ஓர் இருமல்.

திரும்பவில்லை.
ஒற்றை. வறட்டு. பையனுடையது.
அடுத்தது வருகிறதா என்று
காசாளர் இரண்டு முறை கூப்பிடும்வரை
நின்றுகொண்டிருந்தேன்.