ஒரு டாலர் குத்தகை

நகராட்சியிலிருந்து கடிதம்:
கட்டடம் யாருடையது என்று
முப்பது நாளில் ஆதாரம் காட்டவும்.
இல்லையேல் அங்கே கார் நிறுத்துமிடம் வரும்.

உறுப்பினர்கள் இப்போது பதினொரு பேர்.
இருவருக்குக் காது கேட்காது.
ஒருத்தி பனிக்காலம் முழுக்க அரிசோனாவில்.
செயலாளர் நான்,
பகலில் தானியக் கிடங்கில் எடைச்சீட்டு எழுதுகிறவள்.
இரும்பு அலமாரியின் பூட்டை
ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் நான்தான்.

முதல் குறிப்பேடு, 1909.
வந்திருந்தோர்:
திருமதி ஏமஸ் ட்வெய்ட்,
திருமதி டாக்டர் கில்ஃபாய்ல்,
திருமதி ஓலஃப் பிரான்வோல்டு, மூத்தவர்,
திருமதி ஓலஃப் பிரான்வோல்டு, இளையவர்.
பக்கம் பக்கமாக
ஆண்பெயர்களால் நிரம்பி வழியும்
ஒரு பெண்கள் சங்கம்.

அன்றைய கட்டுரை, 'வெனிஸ் நகரத்துக் கால்வாய்கள்'.
வாசித்தவர் டாக்கோட்டாவைத் தாண்டியதில்லை.
பிறகு எலுமிச்சைச் சாறு.
பிறகு ஓரத்தில், பென்சிலில், சாய்வாக:
"திருமதி ட்வெய்ட் கேட்டார்,
பண்ணையிலிருந்து வரும் பெண்கள்
சனிக்கிழமை எங்கே ஒதுங்குகிறார்கள்?"

பதினெட்டு மைல் வண்டியில் குலுங்கி வந்து,
விதைக்கும் விஸ்கிக்கும் கணவன் பேரம் பேசி முடியும்வரை
வண்டியிலேயே இருந்தார்கள்,
மடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று.
ஆண்களுக்கு மதுக்கடை மூன்று.
குதிரைகளுக்குத் தண்ணீர்த்தொட்டி இரண்டு,
ஒன்றுக்குப் பளிங்கு விளிம்பு.
பெண்களுக்கு மரக்கிடங்கின் பின்புறம்,
ஒருத்தி பாவாடை விரித்து மறைக்க
இன்னொருத்தி.

அடுத்த கூட்டத்தில் வெனிஸ் இல்லை.
மேயரிடம் போய்க் கேட்டார்கள்.
அவர் பதில் பதிவாகியிருக்கிறது: "சிரித்தார்."
ஒரே சொல். முற்றுப்புள்ளி காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

முந்நூற்றுப் பன்னிரண்டு கேக் சுட்டார்கள்.
முட்டை யார் கொடுத்தது, சர்க்கரைக் கடன் எவ்வளவு,
எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு.
வாங்கித் தின்றவர்களில் மேயரும் உண்டு, இரண்டு முறை.

ஓர் அறை எழுந்தது. நான்கு சாய்வு நாற்காலி,
ஒரு தொட்டில், ஓர் அடுப்பு,
பின்னால் தாழ்ப்பாள் வைத்த கழிப்பறை.
புத்தக அலமாரி அப்புறம்தான் வந்தது.
ஊர் நூலகம் அதில் பிறந்தது என்று
வாசல் கல்லில் பொறித்திருக்கிறோம்.
கழிப்பறை பற்றி அந்தக் கல் வாய் திறக்காது.

1918, அக்டோபர். கையெழுத்து மாறுகிறது.
பழைய செயலாளருக்குக் காய்ச்சல்.
நாற்காலிகளைத் தள்ளிப் பன்னிரண்டு கட்டில்.
புதிதாக எழுதியவளுக்குக்
கணவன்மார் பெயரைத் தேட நேரமில்லை:
"ஒட்டிலியா, இரவு. தோரா, பகல்.
லிபுஷே, துணி வெளுப்பு.
ஒட்டிலியா, இரவு.
ஒட்டிலியா, இரவு.
தோரா, இரவு."

யார் இந்த ஒட்டிலியா?
நவம்பரில்தான் தெரிந்தது:
"திருமதி ஏமஸ் ட்வெய்ட் மறைவுக்கு இரங்கல்.
மலர் வளையம், இரண்டு டாலர்."

நான்கு வருடம் கழித்து
லிபுஷே ஹ்ரூஷ்கா உறுப்பினராக விண்ணப்பிக்கிறாள்.
வாக்குப் பெட்டியில் ஆறு கறுப்புக் கோலி.
ஆங்கிலம் போதாதாம்.
நோயாளிகளின் வாந்தியைக் கழுவ அது போதுமாயிருந்தது.
ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த லக்கோட்டாப் பெண்கள்
எங்கே ஒதுங்கினார்கள்?
அதைக் கேட்க ஒரு திருமதி ட்வெய்ட் இல்லை.

பத்திரம் கடைசி அட்டையில் ஒட்டியிருந்தது.
நிலம் சங்கத்துக்கு, ஆண்டுக்கு ஒரு டாலர்,
"சனிக்கிழமைதோறும் கதவு திறந்திருக்கும் வரை."
கடைசியாக எந்தச் சனிக்கிழமை திறந்தோம்?
நாங்கள் இப்போது செவ்வாய்க்கிழமைச் சங்கம்.

சட்டம் என்ன சொல்லுமோ தெரியாது.
இந்தச் சனிக்கிழமை சாவியோடு போனேன்.
காலை முழுக்க ஒரு ஈ, நான், ஹீட்டரின் முனகல்.
இரண்டு மணிக்குப் பன்றி இறைச்சி ஆலையிலிருந்து
ரப்பர் பூட்ஸோடு ஒருத்தி, இடுப்பில் குழந்தை.
குவாத்தமாலாக்காரி என்று பின்னால் தெரிந்தது.
ஒரே சொல் கேட்டாள்: "பான்யோ?"

கை காட்டினேன்.
திரும்பி வந்தவளிடம் பெயர் கேட்டுக்
குறிப்பேட்டில் எழுதினேன்: எதெல்வினா.
யாருடைய மனைவி என்று கேட்கவில்லை.

அந்தத் தாழ்ப்பாள் கொஞ்சம் முரடு.
தூக்கி, இடப்பக்கம் தள்ளிப் போடவேண்டும்.
அடுத்த வாரத்துக்காக
சைகையில் காட்டிக் கொடுத்தேன்.