ஒரு மணித்தியாலம் கூட

ஒட்டாவாவில் இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுவிடுவார்கள்.
பாலத்தைத் தாண்டினால் மூன்று.
ஒரே ஆறு, ஒரே கடிகாரம்,
ஆனாலும் அக்கரை இரவுக்கு
ஒரு மணித்தியாலம் கூட.
இதைச் சொன்னவள் மயூரதி,
பதினொரு வருஷமாய் வரித் திணைக்களத்தில்
எனக்கு நேரெதிர் மேசை.

முதலில் இக்கரை.
எட்டுக்குக் கச்சேரி என்பதால் ஆறரைக்கே சாப்பாடு.
முழுநிலா அளவில் தட்டு வந்தது,
நடுவில் ஒரு துண்டு மீன்,
நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்போல் நிமிர்ந்து.
பரிமாறிய பையன் அது பிறந்த குடாவைச் சொன்னான்,
பிடித்தவரின் பேரைச் சொன்னான்,
விலையை மட்டும் சொல்லவில்லை.
"மீன்ரை சாதகத்தையோ கேட்டனாங்கள்?"
என்றாள் மயூரதி, உதடு அசையாமல்.

அரங்கில் செல்லோ.
வாசிக்கிறவர் வில்லை உயர்த்தியதும்
இருமல்கள் எல்லாம் சட்டைப்பைக்குள் போயின.
முதல் பகுதி முடிய நான் கைதட்டினேன்.
ஆயிரம் பேரில் என்னுடைய இரண்டு கை.
முன்வரிசைக் கழுத்துகள் திரும்பவில்லை,
திரும்பாத விதத்திலேயே விஷயம் விளங்கியது.
பிறகு, மூன்றாம் பகுதியில்,
ஒரு தாழ்ந்த சுரம்
கதிரைக் காலால் ஏறி
என் முதுகெலும்பில் வந்து இருந்தது.
யாருக்கும் சொல்லவில்லை.
இக்கரையில் சந்தோஷத்தையும்
மேலங்கியைப்போல மடித்து
மடியில் வைத்திருக்கலாம்.

பத்தரைக்குப் பாலம்.
இரும்புச் சட்டம், ஓரமாய்ப் பலகை நடைபாதை,
இடுக்குகளில் ஆறு, கறுப்பாய்.
ஒக்டோபர்க் காற்று காதைத் திருகியது.
ஒன்டாரியோ எங்கே முடிந்தது,
கியூபெக் எங்கே தொடங்கியது,
கோடு ஒன்றும் இல்லை.
மயூரதி ஓரிடத்தில் நின்றாள்,
குதிச்சப்பாத்தைக் கழற்றினாள்,
பையிலிருந்த தட்டைச் சப்பாத்தை மாட்டினாள்.
"எல்லை இதுதான்" என்றாள்.

ஹல்லில் கதவைத் தள்ளினால்
முதலில் கைகுலுக்குவது சத்தம்.
வயலின்காரர் இருந்தபடியே
இரண்டு காலாலும் தாளம் போட்டார்.
ஒருத்தி இரண்டு கரண்டிகளை
முதுகோடு முதுகு பிடித்துத் தொடையில் தட்டினாள்.
எப்போது கைதட்டுவதென்று
யாரையும் பார்க்கத் தேவை இருக்கவில்லை.
பூட்டீன் வந்தது. பொரித்த கிழங்கு, கறுத்தக் குழம்பு,
பல்லில் கீச்சிடும் பாற்கட்டி.
ஒரு மீனுக்கு இது ஆறு வரும்
(கணக்குப் பார்ப்பது என் தொழில்).
"கொஞ்சம் தூள் இருந்தால்" என்று இழுத்தேன்.
மயூரதி கைப்பையைத் திறந்தாள். இருந்தது.
பக்கத்து மேசைக் கியோம் தனக்கும் கேட்டான்,
அழுதான், மறுபடி கேட்டான்.
தீயணைப்புப் படையில் வேலையாம்.

என் பிரெஞ்சு அரசாங்கப் பரீட்சைக்குப் படித்தது.
படிவம் நிரப்பும், கையொப்பம் கேட்கும்,
அதற்கு மேல் போகாது.
ஆட வருகிறீர்களா என்று கியோம் கேட்டபோது
வாயில் வந்த ஒரே வசனம்:
"உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும்."
அந்த மேசை முழுக்கச் சிரித்தது.
பரிசீலித்தேன்.
நாற்பத்தெட்டு வயது,
இடது முழங்காலில் ஒரு பழைய நோ,
அதுவும் சேர்ந்து ஆடியது.

இரண்டு மணிக்குப் பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்தேன்.
யாரும் விளக்கைப் போடவில்லை.
மிச்சமிருந்த அந்த ஒரு மணித்தியாலம்
அடுத்த வளவு மாங்காய்,
உப்புக்கூட இல்லாமல் தின்றோம்.

மூன்று மணிக்கு ஆற்றோரம்.
எதிர்க்கரைப் பாறை உச்சியில்
நாடாளுமன்றம் விளக்கோடு நின்றது.
பகலில் அதற்குள்ளிருந்து வரும் சுற்றறிக்கைகள்
இவ்வளவு வடிவாக இருப்பதில்லை.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்று தொடங்கினேன்.
"இப்ப எது இக்கரை?" என்றாள் மயூரதி,
பதிலுக்கு நிற்காமல்
செல்லோவின் அந்தச் சுரத்தைப் பிழையாய் முனகினாள்,
கால் மட்டும் வயலின்காரரின் தாளத்தில்.

டாக்சிக்காரர் எந்தக் கரை என்று கேட்டார்.
அவள் அதற்குள் தூங்கியிருந்தாள்,
மடியில் ஒற்றைக் குதிச்சப்பாத்து.
மற்றது பாலத்திலா, ஹல்லிலா,
திங்கட்கிழமை கேட்கவேண்டும்.