முதுகு காட்டி நிற்கும் ஷாட்

சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை.
கீழே மாவு மில். சத்தம் உள்ளே வராது,
மிளகாய் நெடி வரும்.
அழுகைக் காட்சிகளை
மில் ஓடும்போதே முடித்துவிடலாம் என்பான் இம்தியாஸ்.

நாற்பது எபிசோடு, சீனத்திலிருந்து தமிழுக்கு.
எனக்குச் சீனம் தெரியாது.
கைக்கு வருவது ஆங்கிலத்தில் ஒரு கோப்பு,
அதை எழுதியவனுக்கும் பாதிதான் தெரியும்போல.
உதடு மூடுமிடத்தில் ப, ம வைப்பது என் தொழில்.
நாயகன் வாயை மூடிவிட்டால்
காதல் 'உன்னை' என்று முடியக்கூடாது,
'உன்னிடம்' என்று முடியவேண்டும்.

முதல் பத்து, சத்தியமாக,
கூலியை மறந்து எழுதினேன்.
நாயகி ஒரு கொக்கு.
பெண்ணுருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள்.
ஒரு நோயாளி பிழைத்தால் ஒரு சிறகு உதிரும்.
அவ்வளவுதான் விதி. யாரும் விளக்கவில்லை.
கடை சாத்தும்போது அவள் தரை கூட்டுகிறாள்,
முறத்தில் வெள்ளையாய் என்னவோ.
வில்லன் கொல்ல வருகிறான்.
வந்தவன் முதலில் செருப்பைக் கழற்றி
வாசலில் ஓரமாய் வைக்கிறான்.
அந்தச் செருப்பை யோசித்த மண்டைக்கு
இங்கிருந்தே ஒரு கும்பிடு.

பதினேழில் குடை.
கிழிந்த எண்ணெய்க் காகிதக் குடையை
நாயகன் பசை தடவி ஒட்டுகிறான்.
நான்கு நிமிடம். ஒரு சொல் இல்லை.
வசனமில்லாத நிமிடத்துக்கு எனக்குக் காசு கிடையாது.
காசில்லாத அந்த நான்கு நிமிடத்தை
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம்.
சுகிர்தா ஹெட்போனைக் கழற்றவேயில்லை.
நம் படமென்றால் இதற்குள்
குடை சுவிட்சர்லாந்தில் விரிந்திருக்கும்.

பிறகு இருபத்திரண்டு.
எங்கோ ஒரு மேசையில் எவரோ
'இன்னும் பதினெட்டு பாக்கி' என்று சொல்லியிருக்க வேண்டும்.
நாயகனுக்கு நினைவு தப்பியது.
அவனுக்குத் திரும்பியதும் அவளுக்குத் தப்பியது.
மலையிலிருந்து விழுந்தாள், செத்தாள், வந்தாள்.
விஷம் குடித்தாள், செத்தாள், வந்தாள்.
தனியாய்க் கடை நடத்தியவள்
சமதரையில் தடுக்கி விழ ஆரம்பித்தாள்,
தாங்கிப் பிடிக்க ஒருவன் சும்மா நிற்கிறானே என்று.
குடை ஏழு முறை ஞாபகமாய் வந்தது,
ஏழு முறையும் வயலினோடு.

ஆயிரம் வருடம் காத்திருந்தேன் என்கிறான்.
ஆற்காடு சாலையில்
மெட்ரோ பள்ளத்தோரம் நாற்பது நிமிடம் நின்றவளுக்குக்
காத்திருப்பது எப்படியிருக்கும் என்று தெரியும்.
இவன் காலர்கூடக் கசங்கவில்லை.

மூன்றாவது சாவுக்கு மைக் முன்னால் நின்று
சுகிர்தா சொன்னாள்:
"அழுகை வரலைக்கா. இவ எப்படியும் வந்துடுவா."
இருபத்து நான்கில் அழுததை எடுத்து
இம்தியாஸ் இங்கே ஒட்டினான்.
பொருந்தியது.
பொருந்தாமல் இருந்திருக்கலாம்.

சிறகா? அதை அவர்களே மறந்துவிட்டார்கள்.
ஒரு ஊரையே குணமாக்குகிறாள், தரை சுத்தமாயிருக்கிறது.
நான்தான் பில் புத்தகத்தின் பின்னட்டையில்
கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்தேன்.
முப்பத்தொன்பது முடிகையில் மிச்சம் ஒன்று.

நாற்பது. பாலம், போர், மன்னிப்பு, கல்யாணம்,
மண்டபத்தை ஒன்பதுக்குள் காலி செய்யச் சொன்னதுபோல.
நடுவில் ஒரு ஷாட்.
ஆற்றைப் பார்த்தபடி, முதுகு காட்டி நிற்கிறாள்.
ஐந்து வினாடி.
மூலத்தில் அவள் எதுவும் பேசுவதில்லை.
எனக்குத் தெரிந்த மந்திரம் ஒன்றே ஒன்று:
முதுகுக்கு உதடு கிடையாது.

எழுதினேன்.
"ஒரு சிறகுதான் மிச்சம். அது எனக்கு."

சுகிர்தா ஒரே டேக்கில் சொன்னாள். அழவில்லை.
மில் அப்போது நின்றிருந்தது.

சேனலில் ஒருவரும் கேட்கவில்லை.
காசோலை வந்தது, என் பெயரில் ஒரு கால் குறைய.

போன வாரம் வடபழனி தாண்டிப் பேருந்தில்
முன்சீட்டுப் பெண் கைபேசியில் நாற்பதாவது.
ஒன்றரை மடங்கு வேகத்தில்.
என் வரி கீச்சென்று கடந்து போயிற்று,
கிட்டத்தட்டக் கொக்கின் குரலில்.
விரலால் பின்னுக்கு இழுத்தாள்.
வசனத்துக்கா,
அந்தப் பட்டுடையின் பின்கழுத்து வேலைப்பாட்டுக்கா,
எட்டிப் பார்ப்பதற்குள்
என் நிறுத்தம் வந்துவிட்டது.