திருப்பத்துக்குப் பின் ஓர் அம்பு

சனிக்கிழமை, மதியத்துக்கு மேல்.
கைப்பிடிப் பையில் சுண்ணாம்புத் தூள், முடி கொட்டிய தூரிகை,
தண்ணீர்க் குப்பி இரண்டு: ஒன்று குடிக்க, ஒன்று குழைக்க.
நாளை எங்கள் சங்கத்தின் நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
நாற்பத்து மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.
வானிலை அறிக்கையைக்கூட நம்பாதவர்கள்
என் அம்புகளை நம்பி வருவார்கள்.

க்ரூஸ் பக்கம் கார்கள் குறைவு.
ஒரு மணி நேரத்தில் என்னைக் கடந்தவை
ஒரு ரொட்டி வேன்,
வைக்கோல் உருளை ஏற்றிய ஒரு டிராக்டர்,
அதே டிராக்டர் காலியாகத் திரும்பி.
செம்பழுப்பு மாடுகள் வேலியோரம் வந்து
என் சங்கிலிச் சத்தத்தைக் கடைசிவரை கேட்டுவிட்டு
மறுபடி தலை குனிந்தன.

அம்பு வரைவதற்கு முறை உண்டு.
கூட்டுச்சாலைக்கு ஐம்பது மீட்டர் முன்னால் ஒன்று,
விரல்கள் பிரேக்கைத் தேட.
முனையில் ஒன்று, உடல் சாய.
திரும்பிய பின் இன்னொன்று.
அது எந்த வழியையும் காட்டுவதில்லை.
'சரியாத்தான் வந்திருக்கே, போ' என்கிறது,
அவ்வளவுதான்.

ஆறு வருடம் இந்த வேலை அர்மெலுடையது.
மூன்றாவது அம்பை ஒருநாளும் மறந்தவனில்லை.
வீட்டுக்குள் அப்படியொன்றை அவன் வரைந்ததில்லை.
நானும்தான்.
போன அக்டோபரில், மேடுகள் அலுத்துவிட்டன என்று
மேடே இல்லாத கடலோரம் பார்த்துப் போய்விட்டான்.

ப்ரூயேர் ஏற்றத்தின் உச்சியில் குப்பி வற்றியது.
கடை மூடல், தேவாலயம் பூட்டு.
இந்த ஊர்களில் தாகமெடுத்தால்
கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.
இறந்தவர்களின் பூக்களுக்கென்று வைத்த குழாயில்
எந்த நாளும் தண்ணீர் வரும்.
குடித்த மிச்சத்தை
வாடிக்கிடந்த ஒரு ஜெரேனியத்துக்கு ஊற்றினேன்.
யாருடைய பூ என்று பார்க்கவில்லை.
மணிக்கூண்டு நான்கு அடித்தது.
கொஞ்சம் பொறுத்து மறுபடியும் நான்கு,
வயலில் இருப்பவன் எண்ணத் தவறியிருந்தால் என்று.

பாலத்துச் சாலை பிரியும் இடத்தில்தான்
அது கிடந்தது.
போன வருட அம்பு. மஞ்சள்.
நீண்ட வால், நுனியில் வலப்பக்கம் ஒரு சின்ன வளைவு,
காசோலையில் அவன் போடும் கையெழுத்து மாதிரி.
மார்ச் வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோன செய்தி
அம்புக்குத் தெரியவில்லை.
பள்ளத்தாக்கை நோக்கி
இன்னமும் அழைத்துக்கொண்டிருந்தது.

செருப்பால் தேய்த்தேன். மண் அள்ளிப் போட்டேன்.
காற்று ஊதிவிட்டது.
எதிர்வீட்டில் ஜன்னல் கதவுகளுக்கு வண்ணமடித்துக்கொண்டிருந்த ஹனோரின்
ஏணியிலிருந்தே கேட்டாள்,
'அழியலையா?'
'சாலைக்காரங்க பெயின்ட். அழியாது.'
'அப்ப மூடு' என்று டப்பாவோடு இறங்கி வந்தாள்.
முழங்காலிட்டு, முனையிலிருந்து வால்வரை
அவளுடைய நீலத்தைப் பூசினேன்.
எத்தனை பேரை இது சரியான வழியில் அனுப்பியிருக்கும் என்று
பாதியில் ஒரு கணம் கை நின்றது.
பிறகு வளைவையும் பூசினேன்.
பக்கத்தில் என்னுடையது: குட்டை வால்,
கொஞ்சம் கோணல், மேட்டை நோக்கி.
திரும்பிய பின் இன்னொன்று.
அதைக் கடந்து போகையில்
வரைந்தவள் நான்தான் என்று தெரிந்தும்
பெடல் லேசானது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் கடைசியில் வந்தேன்.
நீலத் திட்டைப் பார்த்து யாரோ கேட்டார்கள்.
'ஜன்னல் பெயின்ட்' என்றேன். பொய்யில்லை.
நாற்பத்திரண்டு பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள்,
சூப் ஆறத் தொடங்கிவிட்டது,
காஸ்பாரைக் காணோம்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தான்.
போன வசந்தத்தில் வேறேதோ சங்கம் வரைந்த
இளஞ்சிவப்பு அம்புகளின் பின்னால் போயிருக்கிறான்,
பதினெட்டுக் கிலோமீட்டர்.
சட்டையின் முதுகுப் பைகள் மூன்றும் செர்ரிப் பழங்களால் புடைத்து
துணி சிவந்து ஒழுகிக்கொண்டிருந்தது.
மேசையில் கொட்டிவிட்டு,
'ஒவ்வொரு திருப்பத்திலும் இருந்துச்சு' என்றான்,
'சரியாத்தான் காட்டிச்சு.'