வியாழக்கிழமைப் பள்ளம்

திரையில் ஒரு கோடு.
திங்கள், செவ்வாய், புதன் நிமிர்ந்து நடந்து
வியாழன் வந்ததும்
மூடி திறந்த சாக்கடையில் கால் வைத்தவன்போல்
பொத்தென்று விழுகிறது.
வெள்ளியன்று எழுந்து நொண்டுகிறது.

அம்மாபேட்டை முதியோர் இரவுப் பள்ளி,
எழுபத்து மூன்று பேர்,
பதினோரு வாரம்,
ஒரே இடத்தில் ஒரே விழுகை.

தலைமை அலுவலகம் சொன்னது:
வியாழக்கிழமை கணக்குப் பாடம்,
கணக்கென்றால் பயம்,
ஆசிரியரை மாற்றுங்கள்.

காவேரியப்பன் சார்
கையில் சாக்பீஸ் தூளோடு
என் மேசை முன் வந்து நின்றார்.
"கோடு என்னையா சொல்லுது, மேடம்?"

எனக்குத் தெரியவில்லை.
கோடு வாய் திறக்காது.
கை மட்டும் காட்டும்,
அதுவும் பாதி நேரம் அடுத்த வீட்டை.

கணக்கைச் செவ்வாய்க்கு நகர்த்தி
வியாழனில் தமிழை வைத்தோம்.
மூன்று வாரம் கழித்தும்
பள்ளம் வியாழனைவிட்டு அசையவில்லை.
அன்றைக்குக் காவேரியப்பன்
வகுப்பு முழுக்கத் தட்டுவடை வாங்கித் தந்தார்.
காரணம் யாருக்கும் சொல்லவில்லை.

பிறகுதான் நான் எழுந்து வகுப்புக்குள் போனேன்.
இருபது அடி தூரம்.

ஜைத்தூன் பீ சிரித்தாள்:
"வியாழக்கெழம குழுக் காசு கட்டற நாளுங்க.
ஆறரைக்கு வசூல்காரரு வருவாரு.
ஒருத்தி காசு கொறஞ்சாலும்
மத்தவங்க எந்திரிக்க முடியாது."

பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.
நான் ஏதோ பதில் சொன்னேன்,
எனக்கே கேட்கவில்லை.

வியாழன் வகுப்பு ஞாயிறுக்குப் போனது.
காலை ஏழு மணி,
கறிக்கடைக் கூட்டம் சேரும் முன்பே முடித்துவிட வேண்டும்
என்ற ஒப்பந்தத்தோடு.

இன்னொன்றும் கண்டோம்.
ஒன்பதாம் கேள்வியை
நாற்பத்தைந்து வயது தாண்டிய ஒருவர்கூடத் தொடவில்லை.
ஜவ்வரிசி ஆலை அர்த்தநாரி
விடைத்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து
"எறும்பு ஊருதுங்க" என்றார்.
அதே கேள்வியை இரண்டு மடங்கு எழுத்தில் அச்சடித்தோம்.
பத்தொன்பது பேர் சரியாக எழுதினார்கள்.
இதற்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தச் சொல்லி
எங்களுக்குக் கடிதம் வந்தது.

வருகை நூற்றுக்கு எண்பத்தொன்று.
கோட்டின் முன் எல்லோரையும் நிறுத்தி
ஒரு படம் கேட்டார்கள்.
படத்தில் கோடு தெரிகிறது,
முகங்களில் பாதி வெளிச்சம் பட்டு அழிந்துவிட்டன.

நாற்பத்தொன்றாம் வரிசை மாதம்மாள்.
நிலை: நின்றுவிட்டார்.
காரணம்: ஆர்வமின்மை.
அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தவள் நான்தான்,
பட்டியலில் இருந்த மூன்று காரணங்களில்
மிச்சமிருந்தது அது.

கிச்சிப்பாளையம் போய்
இரண்டு முறை தப்பான சந்தில் திரும்பி
அவள் வாசலில் நின்றேன்.
கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தவள்
உள்ளே போய்க் கடன் அட்டையை எடுத்து வந்தாள்.

"நான் கட்டுனது அறுநூத்தி நாப்பது.
அவுரு எழுதுனது நானூத்தி அறுவது.
இத்தன வருசம் வாங்குன கையோட மடியில சொருகிடுவேன்.
அன்னிக்குப் படிச்சேன்.
அத்தன பேரு முன்னால அடிச்சு எழுத வெச்சேன்."

அட்டையில் அந்த அடித்தல் இருந்தது,
பக்கத்தில் வசூல்காரரின் கையெழுத்து,
அதன் கீழே, கேட்காமலே போட்டது,
மாதம்மாளின் கையெழுத்து.
'ள்' மட்டும் கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தது.

"படிக்கத்தானே வந்தேன்.
படிச்சிட்டேன்."

என் படிவத்தில்
இதை எழுத ஒரு கட்டம் இல்லை.
பேனாவை மூடி வைத்தேன்.
அவள் ஊதுகுழலை எடுத்தாள், பிறகு கீழே வைத்தாள்.

"வட்டி எப்பிடிப் போடறாங்கன்னு மட்டும்
இன்னும் பிடிபடலைங்க.
அது எந்தக் கெழம?"

செவ்வாய் என்றேன்,
மாற்றி இரண்டு மாதமாகிறது.

"சொல்லியிருந்தா
போன வாரமே வந்திருப்பேன்ல."