உறையும் நேரம்

தொண்டியில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
ஓடை கடலைத் தொடும் இடத்தில்
நூகு நண்டு வலை இழுக்கிறார்.
எனக்கு வேண்டியது விலைபோகாதவை.
"கழிச்சதுக்குப் போயி காசு குடுக்குறியேம்மா" என்பார்,
காசை எண்ணியபடியே.

துடுப்புக் காலின் மூட்டில்
மெல்லிய தோல் விலகும் இடத்தில் ஊசி.
வருவது சிவப்பல்ல.
முதலில் கஞ்சித் தண்ணீர்;
காற்றுப் பட்டதும் செம்பு விழித்துக்கொள்ள
சொட்டு நீலம் பாரிக்கிறது.

காரங்காட்டு அலையாத்தி வேர்களுக்குள் பிடித்தவை என்றால்
ஊசிக்குள்ளேயே கட்டிக்கொள்ளும்,
நான் கை உதறுவதற்குள்.
ஓடை நண்டின் ரத்தமோ
கண்ணாடித் தகட்டில் ஓடுகிறது,
ஓடிக்கொண்டே இருக்கிறது.
மேசை சாய்ந்திருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

ஓட்டில் கரும்புள்ளிகள்.
அழுக்கென்று முதல் வாரம் தேய்த்துப் பார்த்தேன்.
உடம்பு தானே வைத்த தார் அது.
உள்ளே வந்த கிருமியை வளைத்து
கறுக்கக் கறுக்கப் பூசி
உயிரோடு சமாதி கட்டியிருக்கிறது.
எத்தனை சமாதி என்று எழுதுவது என் வேலை.
மார்ச்சில் ஒரு நண்டுக்கு நாலு, ஐந்து.
மே மாதம் எண்ணுவதை விட்டு
பரப்பளவில் விழுக்காடு போட ஆரம்பித்தேன்.

ஒருமுறை கொடுக்கு என் பெருவிரலைக் கிழித்தது.
ஒரு வாரம் சீழ். காய்ச்சல்.
"தடுப்பூசி முன்னாடியே போட்டதுதானே,
உடம்பு ஞாபகம் வச்சிருக்கும்" என்றார் டாக்டர் மைமூன்.
நண்டுக்கு அப்படியொரு நோட்டு கிடையாது.
நேற்று கொன்ற அதே கிருமி
இன்று வந்து நின்றாலும்
யாரோ, எவரோ.
முதல் சண்டைதான் எல்லாமே.

ஆடி அமாவாசைக்கு மறுநாள்
நூகு ஒரு சட்டையைக் கொண்டுவந்தார்.
பத்துக் கால், கண்களின் உறை,
செவுள் இழையின் வார்ப்பு வரைக்கும் அப்படியே,
உள்ளே ஆளில்லாமல்.
பதினேழு புள்ளிகளும் அதில்.
"நோவைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிருச்சு, பாத்தியா!"
அன்றைக்குக் கூலி வேண்டாமென்று விட்டார்.

அது அங்கேதான் இருக்கும்,
ஓடை வாயில், ஏதாவது கல்லிடுக்கில், பஞ்சாக.
சட்டை கழற்றிய நண்டு
தண்ணீரைக் குடித்துக் குடித்துத்தான் பெருக்க வேண்டும்.
புது ஓடு இறுகும் வரை
அந்தத் தண்ணீரைத்தான்.

நூகுவிடம் இதைச் சொல்லவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
எடை பதினெட்டு கிராம்.
புள்ளி பதினேழு.
உறையும் நேரம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து, எடுத்து,
மறுபடி வைத்து
ஒரு கோடு போட்டேன்.